கதவுப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு கல்வி நிறுவனம். ஊழியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டாயிரம் பேர். எல்லாக் கட்டடங்களிலும் கார்டைக் காட்டினால் திறக்கும் கதவுகள். யார் எந்தக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்ற பதிவு ஒன்பது வருடமாகச் சர்வரில் சேர்ந்துகொண்டே போகிறது, யாரும் ஒரு வரியைக்கூட அழித்ததில்லை. பாதுகாப்புப் பொறுப்பாளர், "இடம்தான் இருக்கிறதே, கிடக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்கிறார். எச்ஆர் (மனிதவளத் துறை), அதையே வருகைப் பதிவாகவும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது. ஊழியர் சங்கம் முப்பது நாளில் அழித்துவிட வேண்டும் என்கிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பது நியாயம்?

பதினேழு வருடமாகக் கதவுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும்தான் என் வேலை. இதே வாக்குவாதத்தைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. பெயரோடு கூடிய நடமாட்டப் பதிவை 90 நாள் வையுங்கள், அதோடு தானாக அழியட்டும். யாருக்கு எந்தக் கதவுக்கு அனுமதி இருந்தது, யார் கொடுத்தார்கள், எப்போது பறித்தார்கள் என்ற அனுமதிப் பதிவை மட்டும் வருடக்கணக்கில் வையுங்கள். ஏதாவது சம்பவம் நடந்தால் அந்த நேரத்துக்கும் அந்தக் கதவுக்கும் உரிய துண்டை மட்டும் தனியே எடுத்து, விவகாரம் முடியும்வரை பூட்டி வையுங்கள். எச்ஆருக்குக் கதவுப் பதிவைக் கொடுக்காதீர்கள்.

நடமாட்டம், அனுமதி, சம்பவத் துண்டு, இந்த மூன்றும் வெவ்வேறு பதிவுகள். எல்லாவற்றையும் "ஆக்சஸ் லாக்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் ஒரே எண்ணைத் தேடிச் சண்டை போடுகிறோம்.

முதலில் அந்தப் பதிவில் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வரியில் நாலு விஷயம்தான்: நேரம், கதவருகே கார்டைப் படிக்கும் கருவியான ரீடரின் எண், கார்டின் எண், கதவு திறந்ததா மறுத்ததா என்பது. கூடவே கதவு ரொம்ப நேரம் திறந்தே கிடந்தது, கார்டு இல்லாமல் தள்ளித் திறக்கப்பட்டது என்பது போன்ற எச்சரிக்கைகளும் சேரும். அவ்வளவுதான். கார்டு யார் கையில் இருந்தது என்று அதற்குத் தெரியாது. ஒருவர் கதவைத் திறந்து பின்னால் வந்த மூன்று பேருக்குப் பிடித்துக்கொண்டால் அந்த மூன்று பேரும் பதிவில் இல்லை. பெரும்பாலான கதவுகளில் வெளியே போக உள்பக்கம் ஒரு பட்டன்தான் இருக்கும், ஆகவே எப்போது கிளம்பினார் என்பதும் தெரியாது. அதாவது இது ஒரு கட்டடத்தில் யார் இருந்தார்கள் என்ற பதிவு ஆகாது, எந்தக் கார்டு எந்த ரீடர்முன் காட்டப்பட்டது என்ற பதிவு. பார்க்கச் சின்ன வேறுபாடாகத் தெரியும், ஆனால் காலம் போகப் போக அது பெரிதாகிக்கொண்டே வரும்.

நேரத்தைக்கூட அப்படியே நம்ப முடியாது. ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் ரூமில் பொருள் காணாமல் போனது. சிசிடிவியில் 7:10க்கு ஓர் உருவம் கதவருகே போகிறது, முகம் தெரியவில்லை. கதவுப் பதிவில் 7:10க்கு ஓர் இளைஞனின் கார்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவனை இரண்டு நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்தக் கதவை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டியில் கடிகாரம் 38 நிமிடம் பின்தங்கியிருந்தது. அவன் உள்ளே போனது 7:48க்கு. சம்பவம் நடந்த வாரத்திலேயே பார்த்ததால் இதைக் கண்டுபிடித்தோம். மூன்று வருடம் கழித்து அதே வரியை எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கு அந்தக் கடிகாரம் எப்படி இருந்தது என்று யார் சொல்லியிருக்க முடியும்?

சரி, 90 நாள் எங்கிருந்து வருகிறது?

ஒரு பதிவின் ஆயுளைக் கணக்கிட நான் பார்த்ததிலேயே தெளிவான வழி கொரோனா காலத்தில் பிரிட்டனில் இருந்தது. உணவகங்களும் பிற பொது இடங்களும் வந்துபோனவர்களின் பெயரையும் தொடர்பு எண்ணையும் 21 நாள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். தொற்று வெளிப்பட 14 நாள்வரை ஆகலாம், பரிசோதனைக்கும் தேடிப் பிடிப்பதற்கும் இன்னும் 7 நாள், கூட்டினால் 21. எண்ணுக்குப் பின்னால் ஒரு நோக்கமும் அந்த நோக்கத்துக்கு ஆகும் நேரமும் இருந்தது. அதே கணக்கைத்தான் கதவுக்கும் போட வேண்டும்: ஒரு தவறு நடந்த நாளிலிருந்து அது யாருடைய கண்ணிலாவது படும் நாள்வரை அதிகபட்சம் எவ்வளவு ஆகும், பட்ட பிறகு அவர் புகார் கொடுக்க எவ்வளவு, புகாரை வாங்கியவர் பதிவைக் கேட்டு எழுத எவ்வளவு.

கல்வி நிறுவனத்தில் அந்த முதல் இடைவெளி பெரியது. நீண்ட விடுமுறை, இடையில் யாரும் நுழையாத ஆய்வகங்கள், பருவத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் அறைகள். ஆறேழு வார விடுமுறையின் முதல் நாளில் ஒரு கருவி திருடு போனால் திரும்பி வந்து பார்க்கும்போதே ஐம்பது நாள் ஆகியிருக்கும். அப்புறம் வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்களோ என்று நாலு பேரிடம் கேட்டு ஒரு வாரம். துறைத் தலைவர் கையெழுத்துக்கு இன்னொரு வாரம். 90 நாளில் இதெல்லாம் அடங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஊழியர் சங்கத்தின் முப்பது நாளை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். அவர்கள் கவலை நியாயமானது, அதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்லப் போகிறேன். ஆனால் ரொம்பச் சீக்கிரம் அழிப்பதும் அப்பாவிகளைத்தான் அடிக்கிறது. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விலையுயர்ந்த ஒரு பாகம் காணாமல் போனதை 41ஆம் நாள் கண்டுபிடித்தார்கள், பதிவு 30 நாளோடு அழிந்திருந்தது. அந்த அறைக்கு அனுமதி இருந்தவர்கள் பதினொரு பேர். அன்றைக்குப் பதிவு இருந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் அந்த வாரம் கட்டடத்துப் பக்கமே வரவில்லை என்று காட்டியிருக்கலாம். இல்லாததால் பதினொரு பேர் மீதும் சந்தேகம் மாதக்கணக்கில் நின்றது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே. அதில் இரண்டு பேர் அங்கிருந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்படியானால் இன்னும் நீட்டினால் இன்னும் நல்லதுதானே என்று பாதுகாப்புப் பொறுப்பாளர் கேட்பார். இல்லை. பயன் ஓர் எல்லைக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது, கெடுதல் மட்டும் நாளுக்கு நாள் சேர்கிறது.

பயன் ஏன் சரிகிறது? கதவுப் பதிவு தனியாக நிற்கும் சாட்சி இல்லை. கேமராப் படம் வேண்டும், அன்று பணியில் இருந்த காவலரின் நினைவு வேண்டும், கார்டுக்காரர் சொல்லும் விளக்கம் வேண்டும். கேமராப் படம் பெரும்பாலான இடங்களில் சில வாரங்களிலேயே புதிய படத்துக்கு இடம் விட்டு அழிந்துவிடும். காவலர் மாறிவிடுவார். கார்டுக்காரருக்கோ, போன வாரம் செவ்வாய் இரவு பதினொரு மணிக்கு ஏன் ஆய்வகத்துக்குப் போனாய் என்றால் பதில் இருக்கும்: சோதனை ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜரை மறந்து வைத்துவிட்டேன், நண்பனுக்குக் கதவு திறந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டால் யாருக்கு என்ன நினைவிருக்கும்? மனிதர்கள் மறந்த பிறகும் வரி அப்படியே நிற்கிறது. அந்த நிலையில் பதிவு மட்டும் பேசும், எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. பழைய பதிவு பலமான ஆதாரம் போலத் தோன்றுவதே அதை மறுக்கக்கூடிய எல்லாம் காணாமல் போய்விட்டதால்தான்.

கெடுதல் எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். எங்கள் குழு பராமரித்த ஓர் இடத்தில் ஒரு பெண் ஊழியர் தன் மேலதிகாரி மீது புகார் கொடுத்தார். ஒரு வாரம் ஆவதற்குள் அந்த அதிகாரி, அந்தப் பெண்ணின் நான்கு வருடக் கதவுப் பதிவைக் கேட்டார். எங்கள் ஆள் எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்டவர் பெரிய பதவியில் இருந்தவர், மறுப்பதற்கு ஒரு விதியும் எங்கள் கையில் இல்லை, பதிவோ சர்வரில் தயாராக இருந்தது. நான்கு வருடத்தில் அந்தப் பெண் தாமதமாக வந்த நாள்களை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரு பட்டியல் தயாரானது. அதில் பாதி நாள் அவர் சக ஊழியர்களோடு ஒன்றாக உள்ளே வந்திருக்கிறார், கதவை வேறொருவர் கார்டு திறந்திருக்கிறது, இவருடைய கார்டு மதியம் சாப்பிட்டுத் திரும்பும்போதுதான் முதல்முறை பதிவாகியிருக்கிறது. இதை அவர் சொன்னார். நான்கு வருடத்துக்கு முந்தைய காலை ஒன்றில் யாரோடு வந்தேன் என்று எப்படி நிரூபிப்பார்? புகார் பின்னுக்குப் போய், அவருடைய ஒழுங்கு பற்றிய விசாரணை முன்னுக்கு வந்தது. அந்தப் பதிவு 90 நாளோடு நின்றிருந்தால் அந்தப் பட்டியலைத் தயாரித்தே இருக்க முடியாது. அன்றிலிருந்து, எவ்வளவு நாள் வைப்பது என்று முடிவு செய்யாத இடத்தில் நான் அமைப்பை ஒப்படைப்பதில்லை.

கதவுப் பதிவு வெறும் வருகை நேரம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆலோசகர் அறை இருக்கும் மாடிக்கு யார் வாரம் ஒருமுறை போகிறார், தாய்மார்களுக்கான அறையை யார் பயன்படுத்துகிறார், தொழுகை அறைக்கு யார், சங்க அலுவலகத்துக்கு யார், எந்த இருவர் எப்போதும் இரண்டு நிமிட இடைவெளியில் உள்ளே வருகிறார்கள் என எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு வாரத்துப் பதிவில் இவை தெரியாது. ஒரு வருடத்துப் பதிவை வரிசைப்படுத்தினால் பளிச்சென்று தெரியும். பெயரை எடுத்துவிட்டுக் கார்டு எண்ணுக்குப் பதில் வேறு எண் போட்டுவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பதினைந்து லட்சம் பேரின் செல்போன் நடமாட்டத் தரவை எடுத்துப் பார்த்தது. பெயரே இல்லாமல், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. இரண்டாயிரம் பேர் உள்ள வளாகத்தில், ஒரே துறையில், யாருடைய அறை எது என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், நான்குகூட வேண்டாம்.

விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், வேறு வேறு துறைகள் தனித்தனியாக யோசித்து ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்பது தெரியும். கார்டுப் பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரம், முக்கியமான அறைகளின் கேமரா அல்லது கதவுப் பதிவைக் குறைந்தது மூன்று மாதம் வைக்கச் சொல்கிறது. வட அமெரிக்க மின்கட்டமைப்புக்கான நெர்க் விதிகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் நுழைவுப் பதிவையும் பார்வையாளர் பதிவையும் குறைந்தது 90 நாள் என்கின்றன. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், கதவு நடமாட்டப் பதிவுக்கு மூன்று மாதம் என்று உச்ச வரம்பு சொல்கிறது. கவனியுங்கள், முதல் இரண்டும் "இதற்குக் குறையக் கூடாது" என்பவை, மூன்றாவது "இதற்கு மேல் கூடாது" என்பது. மேலிருந்தும் கீழிருந்தும் வந்து ஒரே எண்ணில் சந்திக்கின்றன. நான் 90 என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் இதே எண் இல்லைதான். அமெரிக்க ஃபெடரல் அலுவலகங்களில் பார்வையாளர் பதிவுக்குப் பொதுவாக 2 வருடம், மிக உயர்ந்த பாதுகாப்பு வேண்டிய இடங்களில் 5 வருடம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் எண்ணே சொல்வதில்லை, நோக்கம் முடிந்தால் வைத்திருக்கக் கூடாது என்கிறது, அந்த நோக்கத்தை எழுதி நியாயப்படுத்தும் சுமையை வைத்திருப்பவர் தலையில் வைக்கிறது. எனக்கு அந்த அணுகுமுறைதான் பிடிக்கும். எண்ணைக் கொடுத்துவிட்டால் எல்லோரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தை விட்டுவிடுவார்கள். உங்கள் நாட்டிலும் துறையிலும் கட்டாய விதி ஏதாவது இருந்தால் அது என் 90ஐ மீறும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

"என்றைக்காவது உதவும்" என்ற வாதத்துக்கு ஒரு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. எல்லோருடைய தொலைபேசி, இணையத் தொடர்புத் தகவலையும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்வரை சேமிக்கச் சொன்ன 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய உத்தரவை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் செல்லாது என்று தூக்கியது. ஒரு சந்தேகமும் இல்லாத எல்லா மக்களின் தகவலையும் வேறுபாடின்றிச் சேர்ப்பது, அவசியத்தின் எல்லையைத் தாண்டுகிறது என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. தொலைபேசியும் கதவும் வேறுதான், ஆனால் யோசனை பொருந்தும்.

இப்போது எச்ஆர் விஷயம். சுருக்கமாக: வேண்டாம். வெளியேறும் நேரம் பதிவில் இல்லை, கூட்டமாக நுழைந்தவர்கள் இல்லை, கடிகாரம் தவறலாம். சம்பளத்தைத் தீர்மானிக்கும் பதிவு என்றால் ஊழியர் அதைப் பார்த்து, தவறென்றால் திருத்தக் கேட்கும் வசதி இருக்க வேண்டும், கதவுப் பதிவில் அது கிடையாது. பிரான்சில் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். கதவு நடமாட்டம் மூன்று மாதம், வேலை நேரப் பதிவு ஐந்து வருடம். வருகைப் பதிவு வேண்டுமென்றால் அதற்கென ஒரு கருவியை வைத்து, ஊழியருக்குத் தெரிவித்துச் செய்யட்டும். இன்னொரு சிக்கல், கதவுப் பதிவைச் சம்பளத்தோடு கட்டிவிட்டால் சம்பளத் தகராறுக்கான நீண்ட காலக்கெடு அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு உங்களால் அதை அழிக்கவே முடியாது.

நீண்ட காலம் வைக்க வேண்டியது அனுமதிப் பதிவு என்றேன். இதைத்தான் பெரும்பாலான இடங்களில் கவனிப்பதே இல்லை. நடமாட்டத்தைப் பல வருடம் சேர்ப்பார்கள், ஆனால் ஒரு கார்டை ரத்து செய்ததும் அந்த ஆளின் அனுமதிப் பட்டியலும் கூடவே போய்விடும், மென்பொருளும் அப்படித்தான் அமைந்திருக்கும். ஐந்து வருடம் கழித்து வரும் உண்மையான கேள்விகளை எண்ணிப் பாருங்கள். ஆய்வு மாதிரிகள் வைத்த பெட்டகத்தைத் திறக்க யாருக்கெல்லாம் அனுமதி இருந்தது? வேலையை விட்டவரின் கார்டு எந்தத் தேதியில் முடக்கப்பட்டது? ஒப்பந்தக்காரருக்கு எல்லாக் கதவையும் திறக்கும் மாஸ்டர் கார்டு கொடுத்தது யார் கையெழுத்தில்? ஒன்றுக்கும் நடமாட்டப் பதிவு பதிலாகாது, எல்லாவற்றுக்கும் அனுமதிப் பதிவு பதிலாகும். அது அளவிலும் சிறியது, ஒருவருடைய அன்றாடத்தைப் படம் பிடிப்பதும் இல்லை. அனுமதி முடிந்த பிறகு ஆறேழு வருடம் வைத்தால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆய்வகம் இருந்தால் இன்னொரு வாதம் வரும்: நோய் பல வருடம் கழித்து வெளிப்படலாம், யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்று தெரிய வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்குரிய பதிவு கதவில் இல்லை. அமெரிக்காவில் பணியாளர் எந்தெந்த நச்சுக்கு ஆளானார் என்ற பதிவை 30 வருடம் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கதிர்வீச்சு அளவுப் பதிவை அவருக்கு 75 வயது ஆகும்வரை, வேலை முடிந்து குறைந்தது 30 வருடமாவது வைக்க வேண்டும். அவை அளந்து எழுதப்பட்ட பதிவுகள். அளக்காமல் விட்டுவிட்டு அதற்கு ஈடாகக் கதவுப் பதிவைக் காட்டுவது ஊழியருக்குச் செய்யும் அநீதி.

சம்பவத் துண்டுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வை என்பவர்கள் அடிக்கடி சொல்லும் உதாரணம் பாஸ்டனில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம். 1990 மார்ச் 18 அன்று போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடம் உள்ளே இருந்து 13 கலைப்பொருள்களை எடுத்துப் போனார்கள். நடமாட்ட உணரிகளின் அச்சுத் தாளையும் எடுத்துப் போனார்கள், ஆனால் அதே பதிவு கணினியின் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அதை வைத்துத்தான் எந்த அறைக்கு எப்போது போனார்கள் என்று தெரிந்தது. ஒரு கீழ்த்தள அறையில் ஓவியம் போயிருக்க, திருடர்கள் இருந்த நேரத்தில் அங்கே நடமாட்டமே பதிவாகவில்லை, முன்னதாகக் காவலர் சுற்றிய நேரம் மட்டும்தான் இருந்தது என்ற விசித்திரமும் அதில்தான் தெரியவந்தது. 25 வருடம் கழித்து, 2015இல், திருட்டுக்கு முந்தைய இரவின் வீடியோவை விசாரணை அதிகாரிகள் வெளியிட்டார்கள், அதில் வேறொருவர் உள்ளே அனுமதிக்கப்படுவது இருந்தது. "பார்த்தீர்களா, 25 வருடம் கழித்தும் உதவுகிறது" என்பார்கள். ஆனால் அந்தப் பதிவு நிலைத்தது, அருங்காட்சியகம் தன் எல்லா நாள்களின் பதிவையும் 25 வருடம் சேர்த்ததால் இல்லை. திருட்டு நடந்த உடனே அந்த இரவுகளுக்கு உரியதைச் சாட்சியமாகப் பிரித்து எடுத்ததால்தான். நான் சொல்வதும் அதுவேதான். சம்பவம் தெரிந்த அன்றே, முன்னும் பின்னும் சில நாள் சேர்த்துத் துண்டை எடுங்கள், எடுத்தவர் பெயர், தேதி, கடிகாரம் சரிபார்த்த குறிப்பு எல்லாம் சேர்த்து மூடுங்கள், அதற்கு ஒரு முடிவு நிபந்தனையும் எழுதுங்கள்.

வழக்கு வரும் வாய்ப்பு தெரிந்த கணத்திலிருந்து தானியங்கி அழிப்பை அந்த விவகாரத்துக்கு உரிய பதிவுகளுக்கு நிறுத்த வேண்டும், இதில் விளையாடக் கூடாது. அமெரிக்க ஃபெடரல் சிவில் நடைமுறையின் 37ஆம் விதியில் இது தெளிவாக இருக்கிறது: வழக்கை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்த பிறகு மின்பதிவைக் காக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். அந்த நிலை வருவதற்கு முன்பே, எழுதி வைத்த வழக்கமான கால அட்டவணைப்படி அழிந்தது அப்படிப் பார்க்கப்படுவதில்லை. ஆகவே எழுத்தில் ஓர் அட்டவணை இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. இஷ்டப்பட்ட நாளில் ஒருவர் உட்கார்ந்து கையால் அழிப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இடையில் ஒன்று. அதிகாரத்தில் இருப்பவரை யார் சந்தித்தார்கள் என்ற பதிவுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தாது. வெள்ளை மாளிகைப் பார்வையாளர் பட்டியலை ஒபாமா அரசு 2009இல் தானாக வெளியிட ஆரம்பித்தது, 2017இல் அடுத்த அரசு நிறுத்தியது, 2021இல் அதற்கடுத்த அரசு மறுபடி தொடங்கியது. அங்கே பதிவின் நோக்கம் பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்வது, நோக்கம் மாறினால் ஆயுளும் மாறும். உங்கள் நிறுவனத்தில் துணைவேந்தர் அலுவலகத்துக்கு வரும் ஒப்பந்ததாரர்களின் பட்டியலைத் தனி விதியில் நீண்ட காலம் வைத்தால் அது சரியென்றே சொல்வேன்.

கைரேகை, முகம் பயன்படுத்தும் கதவுகள் இருந்தால் அந்த வார்ப்புருவை (விரலையோ முகத்தையோ அடையாளம் காணச் சேமித்த தரவை) ஆள் வேலையை விட்டுப் போன அன்றே அழியுங்கள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், நோக்கம் முடிந்ததும் அல்லது கடைசித் தொடர்பிலிருந்து மூன்று வருடத்துக்குள், எது முதலோ அதில் அழிக்க வேண்டும் என்கிறது. மூன்று வருடமே எனக்கு அதிகமாகப் படுகிறது. கார்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

அழிப்பது என்று முடிவெடுத்த பிறகும் பெரும்பாலான இடங்களில் பதிவு அழிவதில்லை, வேறெங்கோ இருந்துகொண்டே இருக்கிறது. கதவுக்கு மேலே இருக்கும் கண்ட்ரோலர் பெட்டியில் தனி நினைவகம் உண்டு, நெட்வொர்க் போனாலும் பதிவு தொலையாமல் இருக்கச் சேர்த்து வைத்திருக்கும். சர்வர் தரவுத்தளம் ஒன்று. அதன் பேக்கப் ஒன்று, சில இடங்களில் பழைய டேப்பாக அலமாரியில். ஐடி துறை பாதுகாப்புக் கண்காணிப்புக்காக எல்லா லாக்கையும் ஓரிடத்தில் சேர்த்திருந்தால் அங்கே ஒரு நகல். கிளவுட் சேவை என்றால் அந்த நிறுவனத்திடம் ஒன்று, ஒப்பந்தம் முடிந்த பிறகும். எல்லாவற்றிலும் மோசமானது எக்செல் கோப்புகள்: யாரோ எப்போதோ கேட்டார் என்று எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியவை, எட்டுப் பேரின் இன்பாக்ஸில் இன்றும் கிடக்கும். அதனால் எடுத்துக் கொடுப்பதையே கட்டுப்படுத்துங்கள். திரையில் பார்க்க மட்டும் வழி வையுங்கள், இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் ஒருவர் பெயரில் தேட முடியக் கூடாது, அந்த இருவரில் ஒருவர் பாதுகாப்புத் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். யார் யாரைத் தேடினார்கள் என்ற பதிவை மட்டும் இரண்டு வருடம் வையுங்கள். கதவுப் பதிவைவிடத் தேடியவர் பதிவு அதிக நாள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறாகப் பார்த்தவர் 91ஆம் நாள் தப்பித்துவிடுவார்.

காகிதப் பதிவேட்டையும் மறந்துவிடாதீர்கள். வாசலில் விரித்து வைத்த நோட்டில் எனக்கு முன்னால் வந்த இருபது பேரின் பெயரும் போன் நம்பரும் நான் படிக்கும்படி இருக்கிறது, நிரம்பிய நோட்டுகள் காவலர் அறை மேசைக்கடியில் வருடக்கணக்கில் அடுக்கி இருக்கின்றன. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டைப் போடப் பூட்டிய பெட்டி, மாதம் ஒரு கட்டு, 90 நாளில் கிழிப்பு என்று வையுங்கள்.

கடைசியாக, சேர்ந்திருக்கும் ஒன்பது வருடத்தை என்ன செய்வது. நாளைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் சட்டப் பிரிவிடமும் விசாரணைக் குழுவிடமும் எழுத்தில் கேளுங்கள்: நடப்பில் உள்ள வழக்கு, புகார், காவல்துறை கேட்டிருப்பது எது, அதற்கு எந்தத் தேதி, எந்தக் கதவு. ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். வந்த பட்டியலுக்கு உரிய துண்டுகளைப் பிரித்து எடுங்கள். நூலகத்துக்கு எந்த மணியில் எத்தனை பேர் வருகிறார்கள், எந்தக் கட்டடம் இரவில் காலியாக இருக்கிறது என்பது போன்ற தொகை எண்ணிக்கை திட்டமிடலுக்கு வேண்டுமென்றால் மணிவாரியாகக் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கார்டு எண் இல்லாமல், மிகச் சிறிய எண்ணிக்கைகளை விட்டுவிட்டு. பழைய அனுமதி மாற்றங்கள் தரவுத்தளத்தில் எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் தனியே எடுங்கள், இதற்குப் பிறகு அது கிடைக்காது. அப்புறம் ஊழியர் சங்கத்துக்கும் மாணவர்களுக்கும் தேதியோடு அறிவித்துவிட்டு, மூத்த வருடங்களிலிருந்து அழித்துக்கொண்டு வாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு வருடத்துக்கு முந்தையது எல்லாம், அடுத்த பருவத்தில் 90 நாளுக்கு முந்தையது எல்லாம். பேக்கப் சுழற்சி முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு பழைய பேக்கப்பை மீட்டெடுத்துப் பாருங்கள், பழைய வரி ஒன்றாவது வருகிறதா என்று.